ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளர், தாவர உடலியங்கியலாளர், அறிவியல் எழுத்தாளர் ஆவார். 1894 முதல் 1900 வரை கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவற்றின் பண்புகளை ஆராய்ந்தார். கம்பியின்றி வெடிமருந்தைப் பற்றவைத்தும் மணியை ஒலிக்கச் செய்தும் பொதுமக்கள் முன்னிலையில் காட்டினார். அவர் கையாண்ட அதே அலைநீளப் பகுதியே, ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்குப் பின்னர், உயர்தெளிவு நிகழ்படத்தைக் கம்பியின்றித் தொலைக்காட்சித் திரைக்கு அனுப்பும் தொழில்நுட்பத்துக்குத் தெரிவு செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் போஸ் பெரும்பாலும் தாவரங்களுக்கு உணர்ச்சி உண்டு எனக் காட்டியவராகவே பாடநூல்கள் வழியே அறியப்படுகிறார். அவரது இயற்பியல் பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

பிறப்பும் கல்வியும்

போஸ் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீக ஊர் விக்கிரம்பூர் பகுதியில் உள்ள ராரிக்கால். தந்தை பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாசத்தைச் சேர்ந்தவர். ஆங்கில அரசில் துணை நீதிபதியாகப் பணிபுரிந்தவர். அக்காலத்தில் அரசு அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தும், தாய்மொழியை அறிந்த பின்னரே பிற மொழி கற்க வேண்டும் என்று கருதிய தந்தை, மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் ஒருவரின் மகனும் தந்தையின் இசுலாமியப் பணியாளரின் மகனும் அங்கே அவருடன் ஒரே வரிசையில் அமர்ந்து படித்தனர். உயிரினங்கள் மீதான ஆர்வம் அந்த நண்பர்களிடம் கேட்ட கதைகளிலிருந்தே தமக்கு வந்தது எனப் பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

1869-இல் கல்கத்தா சென்ற அவர் ஹேர் பள்ளியிலும் பின்னர் புனித சவேரியார் பள்ளி, கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியின் இயற்பியல் ஆசிரியரான இயேசு சபைத் துறவி லஃபோன், செய்முறைகளைக் காட்டியே பாடம் நடத்துவதில் பெயர் பெற்றவர். அவரது தாக்கம் போசிடம் இறுதிவரை இருந்தது. பட்டம் பெற்றபின் 1880-இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். காய்ச்சல் தொடர்ந்து வருத்தியதாலும் உடற்கூற்று அறையின் நெடி உடலுக்கு ஒவ்வாததாலும் மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்சு கிறித்து கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு இயற்பியலாளர் ரேலி பிரபு அவருக்கு ஆசிரியராக அமைந்தார். ரேலியின் ஆதரவு பிற்காலத்தில் போசின் ஆய்வுக் கட்டுரைகள் இலண்டன் அரச கழகத்தை எட்ட உதவியது.

ஊதியம் பெறாத மூன்று ஆண்டுகள்

1885-இல் போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிக இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இந்தியர்களுக்குத் துல்லியமான அறிவியலைக் கற்பிக்கும் திறன் இல்லை என்ற கருத்து கல்வித் துறையின் உயர் அலுவலர்களிடம் நிலவிய காலம் அது. அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் பரிந்துரை இருந்தும் நியமனத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியரின் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே அளிக்கப்பட்டது. பதவி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே தரப்படும் என்றனர். அதாவது, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஊதியம்.

போஸ் வேலையை விடவில்லை; ஊதியத்தையும் பெறவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் வகுப்பு எடுத்தார். மாதந்தோறும் வந்த ஊதியத்தைத் திருப்பி அனுப்பினார். தந்தை தொழில் முயற்சிகளில் இழப்புற்றுப் பெருங்கடனில் இருந்த நேரம் அது என்பதைக் கொண்டே இந்த மறுப்பின் கடுமையை அளவிட வேண்டும். இறுதியில் அரசு இறங்கி வந்து பதவியை நிலையாக்கி, மூன்று ஆண்டுகளுக்கும் உரிய முழு ஊதியத்தையும் மொத்தமாக அளித்தது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

இந்த ஊதியமில்லாக் காலத்திலேயே, 1887-இல், போஸ் அபலா தாசை மணந்தார். அபலாவுக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு. பெண் என்பதால் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத நிலையில், வங்காள அரசின் உதவித்தொகையுடன் 1882-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் அவர். உடல்நலக் குறைவால் அங்கு படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் வங்காளத்தில் பெண்கல்விக்காகப் பெரும்பணி ஆற்றினார்.

குறுகிய அலைகள்

செருமானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1887–88 காலத்தில் மின்காந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கி, மேக்சுவெல்லின் கோட்பாட்டை மெய்ப்பித்தார். அவரது அலைகள் ஏறத்தாழ அரை மீட்டரும் அதற்கு மேலும் நீளம் கொண்டவை. ஒளியைப் போல அவை விலகுகின்றனவா, முனைவாக்கம் பெறுகின்றனவா எனச் சோதிக்க வேண்டுமானால், அலைநீளத்தைக் காட்டிலும் பெரிய ஆடிகளும் பட்டகங்களும் தேவை. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய கீல் பட்டகத்தின் எடை அரை டன்னுக்கும் மேல் இருந்தது.

ஹெர்ட்சின் பணி குறித்து ஆலிவர் லாட்ஜ் 1894-இல் ஆற்றிய உரையைப் படித்த போஸ், பட்டகத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக அலையைச் சிறிதாக்கினார். தமது 36-ஆவது பிறந்தநாளில் ஆய்வுக்கே தம்மை அளிப்பது என முடிவு செய்ததாக அவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது. கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்லத்தக்க இடம் அவருக்கு இல்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறையே கிடைத்தது. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கி, கருவிகளைத் தம் சொந்தச் செலவில் செய்தார்.

சிறு உலோகக் கோளங்களுக்கு இடையே மின்பொறி பாயச் செய்து, 5 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான அலைகளைப் பெற்றார். இது இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகா ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண். இத்தகைய அலைகளைக் கையாள அவர் உருவாக்கிய கருவிகளில் பல இன்றும் நுண்ணலைப் பொறியியலில் அடிப்படையானவை. அலையை உலோகக் குழாய் வழியே செலுத்தினார். குழாயின் வாயில் கொம்பு வடிவ அலைவாங்கியைப் பொருத்தினார். இரண்டு பட்டகங்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, கடந்து செல்லும் அலையின் வலிமையை மாற்றும் அமைப்பை உண்டாக்கினார். கருவி முழுவதும் ஒரு சிறு மேசையின் மீது அடங்கியது.

பயன்படுத்திய பொருட்களில் சில வியப்பூட்டுபவை. தொடர்வண்டிக் கால அட்டவணை நூல் ஒன்றின் தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி அதையே முனைவாக்கியாகப் பயன்படுத்தினார். வங்காளத்தில் எளிதில் கிடைக்கும் சணலை முறுக்கிக் கட்டி, அலையின் முனைவாக்கத் தளம் அதனூடே செல்கையில் திரும்புவதை 1898-இல் காட்டினார். சர்க்கரைக் கரைசலில் ஒளி திரும்புவதற்கு மூலக்கூறுகளின் முறுக்கு அமைப்பே காரணம் என்பதற்கு அச்சணல் கட்டு ஒரு பெரிதாக்கப்பட்ட மாதிரியாக அமைந்தது.

அவரது முதல் ஆய்வுக் கட்டுரை 1895 மே மாதத்தில் வங்காள ஆசியக் கழகத்தில் படிக்கப்பட்டது. அதே ஆண்டில் மின்கதிர்களுக்கான விலகல் எண்களை அளக்கும் கட்டுரை ரேலி வழியாக அரச கழகத்துக்குச் சென்றது. அதில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் கந்தகம். 1896-இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 சனவரி 29 அன்று இலண்டன் அரச நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தித் தம் கருவியை இயக்கிக் காட்டினார்.

நகர மண்டபத்தில் வெடித்த மருந்து

போசின் பணிகளில் பொதுமக்களிடம் பெரிதும் பேசப்பட்டது கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் நடத்திய செயல்விளக்கம். இது 1895-இல் நடந்ததாகப் பல நூல்களும், 1894-இல் நடந்ததாகச் சில நூல்களும் குறிப்பிடுகின்றன. வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் முன்னிலையில், ஒரு அறையில் உண்டாக்கப்பட்ட அலைகள் அவரது உடலையும் இடைப்பட்ட சுவர்களையும் கடந்து ஏறத்தாழ 75 அடி தொலைவில் இருந்த அறையை அடைந்தன. அங்கே மணி ஒலித்தது. சிறிதளவு வெடிமருந்து வெடித்தது.

அலையின் ஆற்றல் மருந்தைச் சுட்டு எரித்துவிடவில்லை. அலை செய்த வேலை ஒரு விசையைத் தட்டியது மட்டுமே. அலைபடும்போது மின்தடை சட்டெனக் குறையும் ஓர் உணர்கருவி மறுமுனையில் இருந்தது. தடை குறைந்ததும் அங்கேயே வைக்கப்பட்டிருந்த மின்கலத்திலிருந்து மின்னோட்டம் பாய்ந்தது. மணியை அடித்ததும் மருந்தைப் பற்றவைத்ததும் அந்த மின்னோட்டமே.

இந்நிகழ்ச்சி முழுவதும் 60 கிகா ஹெர்ட்ஸ் அலையால் நிகழ்ந்தது எனச் சில கட்டுரைகளில் எழுதப்படுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. மின்பொறி ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெளியிடுவதில்லை. நீண்ட அலைகளும் உடன் பிறக்கின்றன. 5 மில்லிமீட்டர் அலைகள் தடித்த செங்கற்சுவரில் பெரிதும் வலுவிழப்பவை. சுவரைக் கடந்தவற்றில் நீண்ட அலைகளின் பங்கு மிகுதியாக இருந்திருக்கவே வாய்ப்பு உண்டு. மேசைமீது நடந்த ஒளியியல் சோதனைகளே போசின் மில்லிமீட்டர் அலைப் பணிக்கு ஐயமற்ற சான்று.

கல்கத்தாவும் சிவகாசியும்

வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்தோடு நாள்தோறும் பழகும் விருதுநகர் மாவட்டத்துக்கு இச்செயல்விளக்கம் அயலானது அன்று. கல்கத்தாவுக்கும் சிவகாசிக்கும் இடையிலான தொடர்பு தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று சில மாதங்கள் தங்கித் தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டித் தொழில் வேர்கொண்ட பின்னர், அதன் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழிலும், பெட்டிகளுக்கும் உறைகளுக்கும் வேண்டிய அச்சுத் தொழிலும் அவ்வூரில் வளர்ந்தன. அவ்விருவரும் கல்கத்தாவில் இருந்த நாட்களில் போசும் அதே நகரில் தம் ஆய்வு நிலையத்தை நடத்திவந்தார். எனினும் இவ்விரு கதைகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

கருவியின் தத்துவத்தில்தான் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. பெரிய வாணவேடிக்கைகளில் இன்று தொலைவிலிருந்து கம்பியின்றி வெடிகளைப் பற்றவைக்கும் கருவிகள் பயன்படுகின்றன. அலை ஒரு விசையைத் தட்டுகிறது, வெடியின் அருகே உள்ள மின்கலம் மெல்லிய கம்பியைச் சூடாக்குகிறது, திரி பற்றுகிறது. திரிக்கு நெருப்பு வைப்பவர் வெடியிலிருந்து விலகி நிற்க முடிவதே இதன் பெரும்பயன். நகர மண்டபத்தில் போஸ் காட்டியதும் இந்த வரிசையையே. ஆனால் இன்றைய கருவிகள் குறியீட்டுக் கட்டளைக்கு மட்டுமே இயங்கும். போசின் கருவியோ எந்த மின்பொறிக்கும் இயங்கிவிடும். மின்னால் பற்றும் திரிகளுக்கு அருகே வலிய வானொலி அலைபரப்பிகளை இயக்கக் கூடாது என்னும் பாதுகாப்பு விதிக்குக் காரணமும் அலையால் கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படும் இடர்தான்.

மார்க்கோனியும் காப்புரிமையும்

போஸ் அலைகளின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இத்தாலியரான மார்க்கோனி அவற்றைச் செய்தி அனுப்பப் பயன்படுத்த முனைந்தார். 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1901 டிசம்பர் 12 அன்று அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த சைகையைப் பெற்றதாக அறிவித்தார். அச்சோதனையில் பாதரசத்தைக் கொண்ட ஓர் உணர்கருவி தொலைபேசியோடு இணைத்துப் பயன்படுத்தப்பட்டது. இரும்பு–பாதரச உணர்கருவியைத் தொலைபேசியுடன் பயன்படுத்தும் முறையை போஸ் 1899-இலேயே அரச கழகத்தில் வெளியிட்டிருந்தார். மார்க்கோனியின் கருவி போசின் வடிவமைப்பிலிருந்தே வந்தது என்று 1998-இல் மின்பொறியாளர் கழக இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. அக்கருவிக்கு இத்தாலியக் கடற்படையினர் வழியாகவும் ஒரு வரலாறு கூறப்படுவதால் இது குறித்த விவாதம் நீடிக்கிறது.

இதைக் கொண்டு வானொலியைக் கண்டுபிடித்தவர் போசே என்று கூறுவது மிகை. தொலைவுக்குச் செய்தி அனுப்பும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. மார்க்கோனி வென்றது நீண்ட அலைகளையும் உயர்ந்த அலைவாங்கிகளையும் கொண்டு. ஆனால் உணர்கருவி பற்றிய போசின் பணியை அவ்வெற்றியின் கதையிலிருந்து நீக்கிவிடவும் முடியாது. 1909-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அறிவைக் கொண்டு பொருளீட்டுவதில் போசுக்கு உடன்பாடு இல்லை. 1901-இல் இலண்டனில் அவர் உரையாற்றவிருந்த வேளையில், கம்பியில்லாத் தந்தி நிறுவன முதலாளி ஒருவர் காப்புரிமை பெறும்படியும் ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் வற்புறுத்தியதை அவர் ஏற்கவில்லை. இதைத் தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். எனினும் அமெரிக்க நண்பர் சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்ட உணர்கருவிக்கு 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திப் படிகத்தை உணர்கருவியாகக் கொண்ட மிகப் பழைய காப்புரிமைகளுள் இது ஒன்று. போஸ் அதனால் எவ்வித வருவாயும் தேடவில்லை. உரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டார். படிக உணர்கருவி கொண்ட வானொலிப் பெட்டிகள் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவின.

தாவர ஆய்வுகள்

உணர்கருவி தொடர்ந்து இயங்கினால் சோர்வடைந்து, ஓய்வுக்குப் பின் மீள்வதைக் கண்ட போசின் கவனம் 1900 அளவில் உயிருள்ளவற்றின் துலங்கலுக்குத் திரும்பியது. 1901-இல் அரச கழகத்தில் உடலியங்கியலாளர் சிலரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். தாவரத்தின் மிகச் சிறு வளர்ச்சியையும் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெசுகோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். தாவரங்களில் மின்துடிப்புகள் உண்டு என்ற அவரது கண்டுபிடிப்பு பின்னர் ஏற்கப்பட்டது. அதிலிருந்து அவர் எடுத்த பொதுமுடிவுகள் அனைத்தும் ஏற்கப்படவில்லை. அவர் இயற்பியலை விட்டு விலகியதால், மில்லிமீட்டர் அலை ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்வார் இன்றிக் கிடந்தது.

60 கிகா ஹெர்ட்சும் நிகழ்படமும்

வானொலி நீண்ட அலைகளின் வழியே வளர்ந்தது. தொலைவே அதன் தேவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் வந்தபோது குறுகிய அலைகளுக்கு மதிப்பு ஏற்பட்டது. போஸ் பயன்படுத்திய 5 மில்லிமீட்டர் அலைக்கோ தனியொரு குறை இருந்தது. 60 கிகா ஹெர்ட்சுக்கு அருகில் காற்றிலுள்ள ஆக்சிசன் அலையை உறிஞ்சுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபல் இழப்பு, அதாவது முப்பதில் ஒரு பங்கே எஞ்சும். தொலைவுக்குச் செல்லாத அலை என்று அது ஒதுக்கப்பட்டது.

அந்தக் குறையே பின்னர் பயனாயிற்று. உயர்தெளிவுத் திரை ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட்டுகள், நொடிக்கு 60 படங்கள் எனக் கணக்கிட்டால், சுருக்கப்படாத நிகழ்படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் தேவை. வழக்கமான கம்பியில்லா வலையமைப்புகளின் அலைவரிசையில் இவ்வளவு தரவுக்கு இடமில்லை. படத்தைச் சுருக்கி அனுப்பலாம். ஆனால் சுருக்கவும் விரிக்கவும் நேரம் ஆகும், தெளிவும் குறையும். 60 கிகா ஹெர்ட்ஸ் பகுதியிலோ பல கிகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள வெற்றிடம் கிடந்தது. அலை தொலைவுக்குச் செல்லாததால் அடுத்த வீட்டுக் கருவிக்கு இடையூறும் இல்லை.

இதைக் கொண்டு அமைந்த வயர்லெஸ் எச்.டி. என்னும் வரையறை 2008-இல் வெளியானது. குறுவட்டு இயக்கியிலிருந்தோ கணினியிலிருந்தோ அறையின் மறுபுறம் உள்ள திரைக்கு, ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவுக்குச் சுருக்காத நிகழ்படத்தை அனுப்புவது இதன் நோக்கம். 2009-இல் வைகிக் கூட்டமைப்பு தோன்றியது. 2012-இல் அதே அலைவரிசைக்கான கம்பியில்லா வலையமைப்புச் சீர்தரம் வெளியானது. அலைநீளம் 5 மில்லிமீட்டர் என்பதால் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் பல சிறு அலைவாங்கிகளை ஒரே சில்லில் அடுக்கலாம். அவற்றைச் சேர்ந்தியங்கச் செய்து அலையைக் கதிராகக் குவித்துத் திரையை நோக்கித் திருப்பலாம். குறுக்கே ஆள் வந்தால் கதிர் தடைப்படும். அப்போது சுவரில் பட்டுத் தெறித்துச் செல்லும் வழியைக் கருவி தேடிக்கொள்ளும். ஒளியைப் போலவே தெறிக்கவும் விலகவும் குவியவும் செய்யும் அலை இது என்பதை போஸ் தம் மேசைமீது அளந்து காட்டியிருந்தார்.

இக்கருவிகள் எதிர்பார்த்த அளவு வீடுகளில் பரவவில்லை. சுருக்கும் முறைகள் மேம்பட்டதும், வழக்கமான வலையமைப்புகளின் வேகம் கூடியதும் அதற்குக் காரணங்கள். எனினும் மில்லிமீட்டர் அலைகள் அலைபேசித் துறைக்குள் நுழைந்தன. இந்தியாவில் 2022-இல் நடந்த ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகா ஹெர்ட்ஸ் பகுதியும் விற்கப்பட்டது. அதன் அலைநீளமும் போஸ் ஆராய்ந்த எல்லைக்குள் அடங்கும்.

இறுதிக் காலமும் நினைவும்

1915-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற போஸ், 1917 நவம்பர் 30 அன்று, தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டில் சர் பட்டம் பெற்றார். 1920-இல் அரச கழக உறுப்பினரானார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத சாகா ஆகியோர் மாநிலக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்கள். 1896-இல் அவர் எழுதிய சிறுகதை வங்காள மொழியின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாகும். வங்காளக் கட்டுரைகள் 1921-இல் அவ்யக்தா என்னும் நூலாக வெளிவந்தன.

1937 நவம்பர் 23 அன்று, தம் 79-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னர், கிரிடீயில் போஸ் காலமானார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1990-களில் அமெரிக்காவின் கிட் மலை உச்சியில் இருந்த 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் மில்லிமீட்டர் அலைவாங்கி ஒன்றில், அவரது 1897-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் உள்ள கருத்துகள் சில பயன்படுத்தப்பட்டன. அவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை 2012-இல் பன்னாட்டு மின், மின்னணுப் பொறியாளர் கழகம் தன் மைல்கற்கள் பட்டியலில் சேர்த்தது. அவர் கையால் செய்த கருவிகளில் பல கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.